கல்லோடு வந்தது யார்? ரீஃப் டேங்கில் அழையா விருந்தாளிகளை அடையாளம் காணும் முறை

புதிதாக ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, வைத்தவர்கள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அனுப்பும் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணா, டேங்க்ல என்னமோ ஊருது. படம் அனுப்பியிருக்கேன், பாருங்க." படத்தில் நீல வெளிச்சத்துக்கு நடுவே மங்கலாக ஒரு கோடு தெரியும். அதைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் அடுத்த செய்தி வந்து விழும். "கல்லை வெளியே எடுத்து வெந்நீர் ஊத்திடட்டுமா?"

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அதில் உயிருக்கே ஆபத்து உண்டு. ஏன் என்று கீழே சொல்கிறேன். அதோடு, நீங்கள் கொல்லப் பார்க்கும் அந்த உயிர் பெரும்பாலும் உங்கள் தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருப்பதாகவே இருக்கும். பார்க்கப் பயமாக இருப்பதற்கும் கெடுதல் செய்வதற்கும் சம்பந்தமில்லை. சாதுவாகத் தெரியும், பூப் போன்ற ஒரு குட்டி அனிமோன்தான் ஆறு மாதத்தில் தொட்டியையே பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் பார்க்கப் பழகுவோம். கை வைப்பது அப்புறம்.

இவை எங்கிருந்து வருகின்றன?

நம் பெங்களூரிலிருந்து கடல் எந்தப் பக்கம் போனாலும் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். ஆகவே உங்கள் தொட்டியில் இருக்கும் ஒவ்வொரு புழுவும் நீங்கள் வாங்கிவந்த ஏதோ ஒன்றின் கூடவே வந்தது. வெளிநாட்டு விளக்கங்கள் எல்லாம் 'லைவ் ராக்' என்ற உயிருள்ள பாறையிலிருந்து தொடங்கும். நம் நிலைமை வேறு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இலேயே பாறை கட்டும் கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் சேர்க்கப்பட்டுவிட்டன. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஊருக்குப் போன இடத்தில் "ஒரு கல்லுதானே" என்று எடுத்துவந்தாலும் அது குற்றம்தான். யாராவது அப்படிக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அதனால் இங்கே பெரும்பாலோர் காய்ந்த கல்லை வைத்துத்தான் தொட்டி அமைக்கிறோம். காய்ந்த கல்லில் எதுவும் உயிரோடு வராது. நம்மிடம் வருபவை முக்கியமாக ஃபிராக் எனப்படும் பவளத் துண்டின் அடியில் ஒட்டிய பிளக் என்ற சின்ன வில்லையிலும், நத்தை ஓட்டின் மேலும், சம்ப் என்ற வடிகட்டும் கீழ்த்தொட்டியில் போட வாங்கும் கீட்டோ பாசிக்குள்ளும் ஒளிந்து வருகின்றன. சிவாஜி நகரில் ரசல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கடைகளில் வாங்கினாலும் சரி, பக்கத்து ஏரியா நண்பரிடம் மாற்றிக்கொண்டாலும் சரி, பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான்.

படி 1: தொட்டிக்குள் போகும் முன்பே பாருங்கள்

வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக இருப்பது முக்கியம். அரை மில்லிமீட்டர் உயிர்கூட அதில் தெரியும். தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றி, ஃபிராக்கை வைத்து, ஊசி கழற்றிய பெரிய சிரிஞ்சால் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அடியில் என்னென்ன விழுகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு பிளக்கைத் திருப்பிப் பிடியுங்கள். கடையில் யாரும் காட்டாத பக்கம் அதுதான். சின்ன வெள்ளைச் சுருள் முட்டைக் கூட்டம், பழுப்பு நிறத்தில் ஒரு சிறு மொட்டு, கல்லோடு ஒட்டிய குழாய் ஏதாவது இருக்கிறதா என்று பூதக் கண்ணாடி வைத்துத் தேடுங்கள்.

அடுத்து கோரல் டிப், அதாவது ஒட்டிவந்த பூச்சிகளைக் கொல்லும் மருந்துக் குளியல். புட்டியில் போட்டிருக்கும் அளவும் நேரமும் எவ்வளவோ அவ்வளவுதான். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று நீட்ட வேண்டாம். முக்குங்கள், பீய்ச்சுங்கள், சுத்தமான உப்புத் தண்ணீரில் அலசுங்கள். டிப் கலந்த தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குப் போகக் கூடாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டிப் முட்டைகளைக் கொல்லாது. அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவின் முட்டை பொரிய மூன்று வாரம்வரைகூட ஆகலாம். அதனால் முடிந்தால் பழைய பிளக்கையே உடைத்து எறிந்துவிட்டு, பவளத்தைப் புதிய பிளக்கில் ஒட்டிவிடுங்கள். செலவு மிகக் குறைவு, காப்பாற்றுவது ஏராளம். தனித் தொட்டி வைத்து நாலு முதல் ஆறு வாரம் கவனிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஜோவாந்திட், பாலிதோவா என்ற பொத்தான் போன்ற பவள வகையைத் தொடும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அவற்றில் சில பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சை வைத்திருக்கின்றன. கல்லை வேகவைக்கவோ அதன் மேல் வெந்நீர் ஊற்றவோ கூடாது என்று நான் கெஞ்சுவதும் இதனால்தான். நஞ்சு நீராவியோடு கலந்து மூச்சில் ஏறும். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில், தொட்டியிலிருந்து எடுத்த பவளக் கல்லைத் தேய்த்துக் கழுவியதாலேயே ஒரு குடும்பம் மொத்தமும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

படி 2: விளக்கு அணைந்த பிறகு உட்காருங்கள்

இவற்றில் பெரும்பாலானவை இரவில் வெளியே வருபவை. டேங்க் விளக்கு அணைந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிக்கொண்டு பாருங்கள். சிவப்பு வெளிச்சம் பல கடல் உயிர்களுக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளை டார்ச் அடித்தால் எல்லாம் ஒரே நொடியில் ஓடி ஒளிந்துவிடும்.

கல்லுக்கும் மணலுக்கும் நடுவிலுள்ள இருட்டு இடுக்கில் கண்ணை வையுங்கள். சற்று நேரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தலை எட்டிப் பார்க்கும். உடம்பு கண்டம் கண்டமாக நீளும். ஒவ்வொரு கண்டத்தின் இரு ஓரத்திலும் வெள்ளை முள் கற்றைகள் விரிந்து மூடும். மாலையில் மீன் தின்னாமல் விட்ட உணவுத் துணுக்கைத் தேடிப் பிடித்து, அதை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே வளைக்குள் போய்விடும். அதுதான் பிரிசில் வோர்ம். எனக்கு வரும் பயந்த செய்திகளுக்கு மிக அதிகமாகக் காரணமாவதும் இதுதான்.

எதைப் பார்த்தாலும் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே இருந்தது, தொட்டால் அல்லது வெளிச்சம் பட்டால் என்ன செய்தது, ஓடு, கால், உணர்கொம்பு, இழை எது இருந்தது, பக்கத்தில் எதற்காவது சேதம் இருக்கிறதா. கடைசிக் கேள்விதான் தீர்ப்பு சொல்லும். சேதமே இல்லாத இடத்தில் குற்றவாளியைத் தேட வேண்டாம். யாரிடமாவது கேட்பதானால் வெள்ளை விளக்கைப் போட்டு வீடியோ எடுத்து அனுப்புங்கள். நீல விளக்கில் எடுத்த படத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

படி 3: எந்தக் கூட்டம் என்று பிரியுங்கள்

*புழுக்கள்.* மேலே சொன்ன பிரிசில் வோர்ம் நல்லது, விட்டுவிடுங்கள். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள், முள் ஏறிவிடும். ஏறினால் செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும். தாடி நெருப்புப் புழு என்று ஒன்று உண்டு. முள் கற்றைகளோடு சிவப்புச் செவுள் கொத்துகளும் தடித்து நிற்கும், பவளத்தின் மேலேயே ஏறித் தின்னும். அதை எடுத்தாக வேண்டும். பாபிட் புழு வகைக்குத் தலையில் ஐந்து உணர்கொம்புகள் இருக்கும், உடம்பு வானவில் போல மின்னும். பிரிட்டனில் நியூகீ என்ற ஊரின் புளூ ரீஃப் அக்வாரியத்தில் மீன்கள் காயப்பட்டும் காணாமலும் போய்க்கொண்டிருந்தன, பவளங்கள் துண்டாகிக் கிடந்தன. 2009-இல் அந்தத் தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உள்ளே பெரிய பாபிட் புழு இருந்தது தெரிந்தது. நம் ஃபிராக்கில் இது வருவது அபூர்வம். ஆனால் ஐந்து கொம்பு தெரிந்தால் அலட்சியம் வேண்டாம்.

துரு நிறத்தில், வாலில் மூன்று முனையோடு, கண்ணாடியிலும் மணலிலும் படர்ந்தால் அது சிவப்புத் தட்டைப்புழு. இவை மொத்தமாகச் செத்தால் நஞ்சு கக்கும். மருந்து போடும் முன் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள், நஞ்சை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பனைத் தயாராக வையுங்கள்.

கண்ணாடியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் வெள்ளைச் சுருள்கள் ஒட்டியிருந்தால் அவை ஸ்பைரோர்பிட் என்ற குழாய்ப் புழுக்கள். தொல்லையே இல்லை.

*நத்தைகள்.* முகத்துக்கு முன்னால் குழல் நீட்டிக்கொண்டு போகும் நத்தை பெரும்பாலும் இறைச்சி தின்னி. பாதி ஓடும் பாதி உடம்புமாக வேகமாக ஓடும் ஸ்டொமடெல்லா, பாசி தின்னும் தங்கமான பிராணி. வெர்மெட்டிட் என்ற நத்தைக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். அது நகரவே நகராது. கல்லில் கெட்டியான குழாய் கட்டி, அதன் வாயிலிருந்து சளி இழைகளை விரிக்கும். உணவு போட்டதும் பாருங்கள்: தூசு ஒட்டிய இழைகள் நீண்டு, கொஞ்ச நேரத்தில் உள்ளே இழுக்கப்படும். அந்த இழை படும் பவளம் மொட்டு விரிக்காது. குழாயை உடைத்து, வாயை ஜெல் சூப்பர் குளூவால் அடைத்துவிடுங்கள்.

*நட்சத்திரங்கள்.* கை ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று ஏறுமாறாக, அரை சென்டிமீட்டருக்கு இருப்பது ஆஸ்டெரினா. பெரும்பாலும் பாசிதான் தின்னும். ஒரே ஜோவாந்திட் மேல் தினமும் உட்கார்ந்திருந்தால் மட்டும் எடுங்கள். இடுக்கிலிருந்து மெல்லிய கைகளை ஆட்டும் குட்டி பிரிட்டில் ஸ்டார் இருப்பது நல்லதே.

*நண்டும் இறாலும்.* கொடுக்கின் நுனியைப் பாருங்கள். கரண்டி போலக் குழிந்திருந்தால் பாசி சுரண்டும் வகை. கூராக, கருத்து, உடம்பெல்லாம் மயிரோடு இருந்தால் சந்தேகப்படுங்கள். பொசிலோபோரா என்ற பவளத்தின் கிளைகளுக்குள் குடியிருக்கும் குட்டி டிரபீசியா நண்டு விதிவிலக்கு. அது தன் பவளத்தைக் காவல் காக்கும், அதைத் தொடாதீர்கள்.

இரவில் கண்ணாடியில் யாரோ சுண்டுவது போல 'டக்' என்று கேட்டால் இருவரில் ஒருவர். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருந்தால் பிஸ்டல் இறால், பெரும்பாலும் தொல்லையில்லை. காம்பின் மேல் கண்கள் தனித்தனியாகத் திரும்பி, முன்கால்களை மடித்து வைத்திருந்தால் மான்டிஸ் இறால். உடைந்த நத்தை ஓடுகள் குவிந்து கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

கண்ணாடியில் நுணுக்கமாக ஓடும் வெள்ளைப் புள்ளிகள் கோபிபாட், வளைந்து நீந்தும் சிறு பூச்சிகள் ஆம்ஃபிபாட். இரண்டும் மீனுக்கு உணவு. இவை தெரிந்தால் சந்தோஷப்படுங்கள்.

படி 4: ஐப்டேசியாவை விடாதீர்கள்

எல்லாரும் ஒரு நாள் சந்திக்கப்போவது இந்தக் குட்டி அனிமோனைத்தான். கண்ணாடி போலப் பாதி தெரியும் பழுப்புத் தண்டு, மேலே கூர்நுனி இழைகள். குச்சியால் லேசாகத் தொட்டால் கண் இமைக்கும் நேரத்தில் துளைக்குள் போய்விடும். விசிறிப் புழுவும் இப்படித்தான் ஒளியும்; ஆனால் அதற்குக் குழாய் இருக்கும், இழைகள் இறகு போலக் கிளைத்திருக்கும். இழை குட்டையாக, நுனி உருண்டையாக, பச்சை ஓடியிருந்தால் அது மஜானோ. அதுவும் பரவும்.

இதைக் கிள்ளாதீர்கள், பிய்க்காதீர்கள். கல்லில் ஒட்டி மிஞ்சும் ஒவ்வொரு துணுக்கும் புதிய ஐப்டேசியாவாக வளரும். சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு தூளை ஆர்.ஓ. தண்ணீரில் தயிர் பதத்துக்குக் குழையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பும் அடிப்படையில் இதே பொருள்தான் என்றாலும் அதில் வேறு என்னவெல்லாம் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. டேங்குக்கென்று விற்பதையே வாங்குங்கள். பம்ப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஐப்டேசியா முழுதாக விரிந்திருக்கும்போது, சிரிஞ்சு முனையை அதன் மேல் படாமல் கிட்டே கொண்டுபோய் நடு வாயில் மெதுவாக விடுங்கள். உணவு என்று நினைத்து விழுங்கும். ஒளிந்த துளையையும் குழம்பால் மூடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பம்ப்பைப் போடலாம். ஒரே நாளில் நிறையச் செய்தால் பி.எச். ஏறிவிடும், சின்ன டேங்கில் நாளைக்கு இரண்டு மூன்று போதும்.

பெப்பர்மின்ட் இறால் விட்டால் அது தின்னக்கூடும். வாங்கும்போது முதுகைப் பாருங்கள்: கூனல் முதுகும் வெள்ளைக் கோடுகளும் இருந்தால் அது கேமல் இறால், பவளத்தையே தின்னும். பெர்கியா என்ற ஓடில்லாக் குட்டிக் கடல் நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. ஆகவே ஐப்டேசியா தீர்ந்ததும் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டினியில் செத்துவிடும்.

படி 5: பிடிப்பதும் பிறகும்

நண்டுக்கும் மான்டிஸுக்கும் முதலில் பொறி. சின்ன பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகச் செருகி, உள்ளே ஒரு துண்டு இறால் வைத்து, விளக்கு அணைந்ததும் வளைக்கு எதிரே சாய்த்து வையுங்கள். காலையில் பாருங்கள். மாட்டவில்லை என்றால் அது இருக்கும் கல்லை மட்டும் வாளிக்கு எடுத்து, வளைக்குள் கொஞ்சம் சோடா பீய்ச்சினால் மூச்சு முட்டி வெளியே வரும். கல்லை அலசிவிட்டுத் திரும்ப வையுங்கள். மான்டிஸைக் கையால் பிடிக்காதீர்கள், சதையைக் கிழிக்கும் வேகம் அதற்கு உண்டு.

பிடித்த மான்டிஸைக் கொல்ல வேண்டியதில்லை. அதையே ஆசையாகத் தனி டேங்கில் வளர்ப்பவர்கள் நம் ஊரிலும் உண்டு. ரீஃப் குழுக்களில் கேட்டால் வந்து வாங்கிப் போவார்கள். ஆள் கிடைக்கும்வரை சம்ப்பில் மூடி போட்ட துளை டப்பாவில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு துண்டு இறால் போட்டால் போதும். எதையும் அல்சூர் ஏரியிலோ சாக்கடையிலோ விடாதீர்கள். உதிர்ந்த ஐப்டேசியாத் துணுக்கு, பழைய பிளக், டிப் தண்ணீரில் கிடந்த புழுக்கள் எல்லாவற்றையும் பையில் கட்டி ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் குப்பையில் சேருங்கள்.