போர்ட்ஃபோலியோ சொல்லாததைக் கடிதம் சொல்லட்டும்

வடிவமைப்பு வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் பலர் விண்ணப்பத்தோடு அனுப்பும் கவர் லெட்டரை ஒரு சடங்காகவே எண்ணுகிறார்கள். படங்களைப் பார்த்துத்தானே வேலைக்கு எடுக்கிறார்கள், கடிதத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்து, இணையத்தில் கிடைத்த மாதிரியில் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். சில நேரங்களில் அதையும் மாற்ற மறந்துவிடுகிறார்கள். வேறொரு ஸ்டுடியோவின் பெயரைச் சொல்லி எங்களைப் புகழ்ந்த கடிதங்கள் எனக்கே மூன்று நான்கு வந்திருக்கின்றன. சென்னையில் பேக்கேஜிங் வடிவமைக்கும் சிறிய ஸ்டுடியோ ஒன்றில் விண்ணப்பங்களைப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது என்பதால், படிப்பவரின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் முடிந்த வேலைதான் தெரியும். வாடிக்கையாளர் என்ன கேட்டார், எவை கழிக்கப்பட்டன, அதில் உங்கள் கைவேலை எவ்வளவு என்பவற்றை ஒரு படம் காட்டாது. ஒரே மசாலாப் பொட்டலம் மூன்று பேருடைய போர்ட்ஃபோலியோவில் இருப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். ஒருவர் படம் வரைந்திருப்பார், ஒருவர் லேஅவுட் செய்திருப்பார், மற்றவர் அதை 50 கிராம், 100 கிராம் அளவுகளுக்கு மாற்றி அமைத்திருப்பார். மூன்றும் மதிப்புள்ள வேலைகளே. ஆனால் நீங்கள் அந்த மூவரில் யார் என்பதைக் கடிதம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே கடிதத்தின் நடுப்பகுதியை, விண்ணப்பிக்கும் வேலைக்கு நெருக்கமான ஒரே ஒரு வடிவமைப்புக்கு ஒதுக்குங்கள். “நான் படைப்பாற்றல் மிக்கவன்; ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றவன்; சவால்களை விரும்புபவன்” என்ற வரிகள் எங்களுக்கு எதையும் தெரிவிப்பதில்லை. மென்பொருள்களின் பெயர்கள் பயோடேட்டாவில் இருந்தால் போதும். கடலை மிட்டாய்க்கு உறை வடிவமைத்த ஒருவர் அதே இடத்தில் இப்படி எழுதலாம்:

“பெயரைத் தமிழில் பெரிதாகப் போட வேண்டும், மிட்டாயும் வெளியே தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். பெயரை ஒரே வரியில் வைத்தபோது அது உறையின் மடிப்புக்குள் போய்விட்டது. எழுத்துகளைக் குறுக்குவதற்குப் பதிலாகப் பெயரை இரண்டு வரிகளாகப் பிரித்து, கீழ் வரியில் ‘மி’யின் கொக்கியும் ‘ட்’டின் புள்ளியும் மேல் வரியை இடிக்காதபடி இடைவெளியைச் சரிசெய்தேன். திரையில் பளிச்சென்று இருந்த மஞ்சள் எழுத்து, மாதிரி அச்சில் மிட்டாயின் நிறத்தோடு கலந்து மங்கிவிட்டது. ஒளி ஊடுருவும் பிலிமில் எழுத்துக்குப் பின்னால் வெள்ளை மை வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். மேலே உள்ள ஓவியம் என்னுடையது அன்று. எழுத்தும் லேஅவுட்டும் என்னுடையவை.”

இதைப் படித்தவுடன் இவரை நேர்காணலுக்கு அழைக்கத் தோன்றும். தமிழ் எழுத்தின் அமைப்பைக் கவனிக்கிறார், அச்சகம் வரை வேலையைத் தொடர்ந்து போகிறார், தவறியதை மறைக்கவில்லை, பிறர் வேலையைத் தனதாக்கிக்கொள்ளவில்லை என்ற நான்கு செய்திகள் ஒரே பத்தியில் கிடைத்துவிடுகின்றன. செயலி வடிவமைப்பு வேலையானாலும் வழி இதுவே: பயன்படுத்துபவர் எந்த இடத்தில் தடுமாறினார், நீங்கள் எதை மாற்றினீர்கள், மாற்றிய பின் என்ன ஆயிற்று என்பதை எழுதினால் போதும்.

அனுபவம் இல்லாதவர்கள் கல்லூரி வேலையையே எழுதலாம். ஆனால் அது கல்லூரி வேலை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெயர்பெற்ற பிராண்டு ஒன்றின் லோகோவை நீங்களாகவே மாற்றிப் பார்த்திருந்தால், அது சொந்தப் பயிற்சி என்று குறிப்பிடுங்கள். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கிய படங்கள் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிவந்துவிடும்.

கடிதத்தைத் தொடங்கும் முன், விண்ணப்பத்தைப் பார்ப்பவரின் பெயரை நிறுவனத்தின் இணையதளத்திலோ லிங்க்ட்இனிலோ தேடிப் பாருங்கள். பெயர் கிடைக்காவிட்டால் வடிவமைப்புக் குழுவினருக்கு என்று எழுதலாம். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கும் கடிதம் ஒரு பெண் கிரியேட்டிவ் டைரக்டரின் மேசைக்குப் போய்ச் சேர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் பத்தியில் அந்த நிறுவனத்தின் வேலை ஒன்றைக் குறிப்பிடுவது நல்லது. உங்கள் படைப்புகள் உத்வேகம் தருகின்றன என்று பொதுவாகப் புகழாமல், அதில் நீங்கள் கவனித்த ஒன்றைச் சொல்லுங்கள். பாட்டில் லேபிளின் பின்பக்கத்தில் உள்ள சிறிய எழுத்துகள்கூட எளிதாகப் படிக்கும்படி இருந்தன என்று எழுதியவரை நான் இன்னும் மறக்கவில்லை.

நம் ஊரில் இக்கடிதங்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டியிருக்கிறது. சொல்ல வந்ததை நண்பரிடம் சொல்வதைப் போல முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு, எளிய ஆங்கிலத்தில் எழுதுவது, கடினமான சொற்களைக் கோத்து எழுதுவதைவிட நன்றாகவே அமையும். 300 சொற்களுக்குள் முடித்துவிடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் மின்னஞ்சலே கடிதமாக இருக்கட்டும். தனி வேர்ட் கோப்பு தேவையில்லை.

கடிதத்தை அலங்கரிக்க வேண்டாம். ஆனால் அதன் எழுத்தமைப்பில் பிழை இருக்கக் கூடாது. தமிழ் வரி ஏதேனும் இருந்தால் யூனிகோடிலேயே இருக்கட்டும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் ஒட்டிய வரி எங்கள் கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாக வந்து நிற்கும். பிடிஎஃப் போர்ட்ஃபோலியோவைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தயாரிப்பவர்கள், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாக அமைக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற தெரிவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் முன்னால் வர வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கக்கூடும். வடிவமைப்பாளர் ஒருவர் உடைந்த தமிழோடு விண்ணப்பித்தால் அதற்கு மேல் பக்கங்களைப் புரட்ட மனம் வருவதில்லை.

ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது என்பதால் பலர் கூகுள் டிரைவ் இணைப்பை அனுப்புகிறார்கள். அதைத் திறந்தால் அனுமதி கேட்கச் சொல்லும் பக்கம்தான் பாதி நேரம் வருகிறது. ஐம்பது விண்ணப்பங்களைப் பார்க்கிற நாளில் அனுமதி கேட்டுக் காத்திருக்க எங்களுக்கு நேரம் இருக்காது. அனுப்பும் முன் இணைப்பை, உங்கள் கணக்கில் நுழையாமல் திறக்கும் இன்காக்னிட்டோ சாளரத்தில் ஒரு முறையும், வேறொருவரின் கைபேசியில் ஒரு முறையும் திறந்து பாருங்கள். கடைசி வரியில், இப்போதைய வேலையிலிருந்து விடுபட எத்தனை நாள் ஆகும், எந்தத் தேதியில் சேர முடியும் என்பதைக் குறிப்பிட்டு, கைபேசி எண்ணைப் போட்டு அனுப்பிவிடலாம்.