எதன் மேல், எதில், எதற்கு: பள்ளிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

5 − 2(x − 3) = 1. எட்டாம் வகுப்புக் கணக்குதான். பலரும் எழுதும் அடுத்த வரி 5 − 2x − 6 = 1. அதிலிருந்து −2x = 2, x = −1. பார்க்கச் சுத்தமாக இருக்கும், விடை தப்பு.

அடைப்புக்கு வெளியே நிற்பது 2 இல்லை, −2. அது உள்ளே இருக்கும் −3-ஐயும் பெருக்க வேண்டும். −2 × −3 = +6. ஆகவே 5 − 2x + 6 = 1, அதாவது −2x = −10, x = 5. இன்னும் சிலர் 5 − 2 = 3 என்று முதலிலேயே கழித்துவிட்டு 3(x − 3) = 1 என்று போவார்கள். அந்த 2, அடைப்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெருக்கல் முடியாமல் கழித்தலுக்குக் கை போகக் கூடாது.

விடையைத் திரும்பப் போட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். x = 5 என்றால் 5 − 2(2) = 1, பொருந்துகிறது. x = −1 என்றால் 5 − 2(−4) = 13. தப்பு அங்கேயே தெரிந்துவிடும். (x + 5)² = x² + 25 என்று எழுதும் பழக்கமும் இதே வைத்தியத்தில் போய்விடும்: x = 1 போட்டால் ஒரு பக்கம் 36, மறு பக்கம் 26. x² = 9x-ஐ இரு பக்கமும் x-ஆல் வகுக்கிறவர்களுக்கு x = 9 மட்டும் கிடைக்கும்; x = 0 என்ற இன்னொரு விடை சத்தமில்லாமல் காணாமல் போகும். x(x − 9) = 0 என்று காரணிப்படுத்துவதே பாதுகாப்பு.

சதவீதக் கணக்கில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எதில்? பண்ருட்டி முந்திரி ஒரு பெட்டி, 20% தள்ளுபடி போக 960 ரூபாய். குறித்த விலை என்ன? 960-இல் 20% ஆன 192-ஐக் கூட்டி 1152 என்று எழுதுவார்கள். தள்ளுபடி தந்தது குறித்த விலையில், 960-இல் இல்லை. 960 என்பது குறித்த விலையில் 80%. எனவே 960 ÷ 80 × 100 = 1200. சரிபார்க்க: 1200-இல் 20% = 240; போக 960.

அடுத்தது சராசரி வேகம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் விழும் குழி இது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 24 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போகும்போது மணிக்கு 40 கி.மீ. திரும்பும்போது அரியாங்குப்பம் நெரிசலில் சிக்கி மணிக்கு 24 கி.மீ. போய்வந்ததன் சராசரி வேகம்? கண்ணை மூடிக்கொண்டு (40 + 24) ÷ 2 = 32 என்பார்கள்.

இரண்டு வேகத்திலும் ஓடிய தூரம் ஒன்று, நேரம் வேறு. மெதுவாகப் போனபோது அதிக நேரம் ஆனதால் சராசரி 24-இன் பக்கம்தான் சாயும். போக 24/40 மணி, அதாவது 36 நிமிடம். வர 60 நிமிடம். மொத்தம் 96 நிமிடத்தில் 48 கி.மீ.

இதுவரை சரியாக வந்தவர்களும் கடைசி வரியில் தடுக்கி விழுவார்கள். 96 நிமிடம் என்பது 1 மணி 36 நிமிடம், அதை 1.36 என்று எழுதி 48 ÷ 1.36 = 35.29 என்பார்கள். மணிக்கு 60 நிமிடம், 100 இல்லை. 36 ÷ 60 = 0.6. ஆகவே 48 ÷ 1.6 = 30. விடை மணிக்கு 30 கி.மீ.

ஆள், நாள் கணக்குக்குப் பொது அறிவே காவல். 6 பேர் 10 நாளில் உடைக்கும் முந்திரியை 4 பேர் எத்தனை நாளில் உடைப்பார்கள்? 6⅔ என்று வந்தால், ஆள் குறைந்தும் வேலை சீக்கிரம் முடிகிறதே என்று உடனே உறுத்த வேண்டும். எதிர் மாறல்: 6 × 10 = 60, 60 ÷ 4 = 15 நாள்.

மாடியில் நிற்கும் உருளைத் தொட்டிக்கு விட்டம் 1.4 மீ., உயரம் 2 மீ. என்று வினாவில் இருக்கும், πr²h-இல் 1.4-ஐயே போடுவார்கள். ஆரம் வர்க்கமாவதால் தப்பு இரண்டு மடங்கோடு நிற்காது, நான்கு மடங்காகும். சரியான விடை 22/7 × 0.7 × 0.7 × 2 = 3.08 கன மீட்டர், அதாவது 3080 லிட்டர். விட்டத்தைப் போட்டால் 12,320.

தமிழ்நாடு பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புத் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண் இருக்கிறது. வடிவியலில் உதவிப்படம், வரைபடத்தில் அளவுத்திட்டம், இரண்டையும் விட்டுவிடக் கூடாது. ஆனால் பெரிய சேதம் நடப்பது அட்டவணையில். y = x² − x − 12-க்கு x = −3 போடும்போது x²-இன் கட்டத்தில் −9 என்று எழுதுகிறார்கள். அப்புறம் −9 + 3 − 12 = −18. (−3)² என்பது +9. y-இன் மதிப்பு 0. தப்பாக வந்த புள்ளி வளைவை விட்டு வெகு தூரம் கீழே கிடக்கும். அதையும் சேர்த்துவிட வேண்டுமே என்று பென்சிலை வளைத்து இழுப்பார்கள். இழுப்பதற்கு முன் அட்டவணையின் y வரிசையைப் பாருங்கள்: x = −3 முதல் 4 வரை 0, −6, −10, −12, −12, −10, −6, 0. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்று. ஒரு மதிப்பு மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அழிப்பானை எடுக்க வேண்டியது அந்தக் கட்டத்தில்தான்.