சிப்மெண்ட் டென்சனும் போன் தியானமும் - என் அனுபவம்

நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசருங்க, அதாவது பையர் குடுக்கற ஆர்டர சரக்கு அனுப்பற வரைக்கும் கூட இருந்து பாத்துக்கற வேலை. சிப்மெண்ட் தேதி நெருங்குச்சுன்னா டையிங்ல (சாயப்பட்டறைல) இருந்து துணி வல்லைன்னு ஒருபக்கம், ஷேடு மேட்ச் ஆகலைன்னு பையர் மெயில் ஒருபக்கம், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், வூட்டுக்கு போனாலும் அதே வெசனந்தான். தங்கச்சிதான் போன்ல தியான ஆப் ஒண்ணு ஏத்திக் குடுத்தா. அதுல ஒரு ஆளு இங்கிலீஷ்ல பேசிட்டே இருப்பாரு, எனக்கு அது ஒத்து வல்லீங்க, இப்ப வெறும் டைமர் மட்டும் வெச்சுக்கறேன்.

மத்தியானம் சாப்புட்டு பைக் ஸ்டாண்டு பக்கம் ஒக்காந்து, நோட்டிஃபிகேசன் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு (இத பண்ணலைன்னா வாட்சப் குரூப்பு உசுர வாங்கிரும்), மூச்ச இழுக்கறத விட உடறத மெதுவா உடோணும், அப்பத்தான் நெஞ்சுத்துடிப்பு எறங்குது. மனசு கட்டிங் டேபிளுக்கு ஓடத்தான் செய்யும், ஓடுனது தெரிஞ்சா மறுக்கா மூச்சுக்கு வந்தா போதுமுங்க, நெனப்பே வரக்கூடாதுன்னு ஒண்ணுமில்ல. பௌத்த தியானத்துல இருந்த இத 1979ல அமெரிக்காவுல ஜான் கபட்-ஜின்ங்கறவரு ஒரு பயிற்சியா ஆசுபத்திரிக்குள்ள கொண்டு வந்தாரு.

வேலை ஒண்ணும் கொறையலீங்க, ஆனா பையர் மெயில பாத்த சூட்டோட பதில் அடிக்கறத உட்டுட்டேன்.