அவசர அழைப்பில் முதலில் துண்டிப்பவர் நீங்களாக இருக்கக் கூடாது

முதலுதவிப் பயிற்சி வகுப்புகளில் ஒத்திகை அழைப்புக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்குவது வழக்கம். பயிற்சி பெறுபவர் கைப்பேசியை எடுத்துப் பேசுவார். கட்டுப்பாட்டு அறை ஊழியராக நான் பதில் சொல்வேன். காயத்துக்குக் கட்டுப் போடுவதை ஒரே நாளில் பிழையறக் கற்றுக்கொள்பவர்கள்கூட, எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை இந்த ஒத்திகையில் செய்கிறார்கள். பதற்றத்தில் நாக்குழறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை யாருக்கும் நேரக்கூடியவை.

சொல்லி முடித்ததும் துண்டிப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். "விபத்து நடந்துவிட்டது, சீக்கிரம் ஆம்புலன்ஸ் அனுப்புங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, எதிர்முனையில் இருப்பவர் வாய் திறப்பதற்குள் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விடுகிறது. கேட்டால், பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வண்டி கிளம்பத் தாமதமாகும் என்கிறார்கள். ஆகாது. பெரும்பாலான கட்டுப்பாட்டு அறைகளில் இடமும் நிலைமையின் தீவிரமும் தெரிந்தவுடனேயே வண்டிக்குத் தகவல் போய்விடும். அதன் பிறகு வரும் கேள்விகள், வழியில் இருப்பவர்களைத் தயார்ப்படுத்துவதற்கும், அவர்கள் வந்து சேரும்வரை நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லித் தருவதற்கும்தான்.

நினைவிழந்து, மூச்சும் நின்று கிடப்பவருக்கு அந்த வழிகாட்டுதல் உயிர் காக்கும். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டால் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைத்துவிடும். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும் என்பதை எதிர்முனையில் இருப்பவரே எண்ணிச் சொல்லி நடத்துவார். துண்டித்தவருக்கு இந்தத் துணை கிடைக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் மாடிப்படியில் ஒருவர் மயங்கி விழுந்தார். அழைத்தவர் குடியிருப்பின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதே பெயரில் சற்றுத் தள்ளி இன்னொரு கட்டடம் இருந்ததால் வண்டி அங்கே போய் நின்றது. கட்டுப்பாட்டு அறையினர் திரும்ப அழைத்தபோதெல்லாம் அவருடைய எண் பிஸியாகவே இருந்தது, ஏனென்றால் அவர் உறவினர்களுக்கு ஒவ்வொருவராகச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். உறவினர்களுக்கு வேறொருவர் வேறொரு கைப்பேசியிலிருந்து சொல்லலாம். அவசர எண்ணை அழைத்த கைப்பேசி சும்மா இருக்க வேண்டும்.

ஆகவே முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: தெரு, கட்டடம், மாடி, எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பது. என்ன நடந்தது என்பது அதற்குப் பிறகுதான், ஏனென்றால் நடுவில் சிக்னல் போய்விட்டாலும் இடம் தெரிந்திருந்தால் யாராவது வருவார்கள். கைப்பேசி தானாகவே இருப்பிடத்தை அனுப்பிவிடும் வசதி சில நாடுகளில் உண்டு என்றாலும், மாடியையும் வாசலையும் அதன் பொறுப்பில் விடாதீர்கள். "வைத்துவிடலாம்" என்று அவர்கள் சொன்ன பிறகு வையுங்கள்.

டவர் இல்லை என்று கைவிடுவது

திரையில் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று தெரிந்தால், உங்கள் நிறுவனத்தின் டவர் எட்டவில்லை, ஆனால் வேறொரு நிறுவனத்தின் டவர் எட்டுகிறது என்றே பெரும்பாலும் பொருள்; அவசர அழைப்பு அதன் வழியாகப் போகும். கைப்பேசிகள் 112-ஐ அவசர எண்ணாக அடையாளம் கண்டுகொள்வதால் லாக் ஸ்கிரீனிலிருந்தே அழைக்கலாம். ஆனால் எந்த டவரும் இல்லாத இடத்திலும் 112 வேலை செய்யும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய். 2022-இல் வந்த ஐஃபோன் 14 முதல் சில மாடல்களில், சில நாடுகளில் மட்டும், செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம். அது வேறு ஏற்பாடு. மற்றவர்கள் மேடான, திறந்த இடத்துக்கு நகர்ந்து மீண்டும் முயல வேண்டும்.

மருத்துவ விவரங்களைப் பதியாமல் விடுவது

ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள், அழைக்க வேண்டியவரின் எண் ஆகியவற்றை, பூட்டிய திரையிலும் தெரியும்படி அவசரத் தகவல் பகுதியில் பதிந்து வையுங்கள். நினைவிழந்தவரிடம் கடவுச்சொல் கேட்க முடியாது.

கை தவறி அழைத்துவிட்டு உடனே துண்டிப்பது

தவறுதலாக வந்த அழைப்பு என்று சொல்லிவிட்டு வையுங்கள். இல்லையென்றால் உங்களைத் தேட ஒருவர் நேரம் செலவிடுவார்.

சோதனைக்காக அழைப்பது

கூடாது.

பழைய கைப்பேசியைக் குழந்தையிடம் கொடுப்பது

சிம்மை எடுத்துவிட்டால் யாரையும் அழைக்க முடியாது என்று நினைக்கிறோம். ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகளில் சிம் இல்லாத அவசர அழைப்பு ஏற்கப்படுவதில்லை. ஆனால் வேறு பல நாடுகளில் அது இணைந்துவிடும், திரும்ப அழைக்க எண்ணும் இருக்காது. விளையாடக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றியும், முடியாவிட்டால் சார்ஜ் முழுவதும் தீர்ந்த பிறகும் கொடுங்கள்.