பழைய தொலைநோக்கியை நம் ஊர் வானத்துக்கு ஏற்றதாக்குவது எப்படி

பழைய தொலைநோக்கி ஒன்றை விலைபேசுபவர் முதலில் கேட்பது, அது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதைத்தான். என் கருத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் ஒரு தொலைநோக்கியைப் பயனற்றதாக்கிவிடுபவை இரண்டு: ஆட்டம் காணும் தாங்கி, ஆண்டு முழுவதும் காற்றில் நிற்கும் ஈரம். இவ்விரண்டையும் சரிசெய்துவிட்டால், யாரோ பரணில் போட்டு மறந்த 114 மில்லிமீட்டர் கருவிகூடச் சனியின் வளையத்தைத் தெளிவாகக் காட்டும்.

பழைய கருவிகளில் அடிக்கடி கைக்கு வருவது, 114 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியாடியும் 900 மில்லிமீட்டர் குவியத்தூரமும் (ஆடியிலிருந்து பிம்பம் குவியும் இடம்வரை உள்ள தூரம்) கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கி. வாங்கும் முன் குழலின் வாய்வழியே கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்து ஆடியைப் பாருங்கள். தூசி படிந்திருந்தால் கவலை வேண்டாம். விளக்கொளியில் எந்த ஆடியும் அழுக்காகத்தான் தெரியும். அலுமினியப் பூச்சு உரிந்து கண்ணாடி தெரிகிறதா, நூல் பிரிந்தது போன்ற பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்பதையே கவனிக்க வேண்டும். குவியத்தூரம் 1000 என்று எழுதியிருந்தும் குழல் அரை மீட்டர் நீளமே இருந்தால், கண் வைத்துப் பார்க்கும் கண்ணருகு வில்லை பொருந்தும் குழாயின் அடியில் பிம்பத்தைத் திருத்தும் வில்லை ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள். அவ்வகைக் கருவியின் ஆடிகளை ஒன்றுக்கொன்று நேராகச் சீரமைப்பது தொடக்கநிலையினருக்குக் கடினம் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. கண்ணருகு வில்லையின் உலோகக் குழாயையும் அளந்து பாருங்கள். 31.7 மில்லிமீட்டர் என்றால் இன்றைய வில்லைகள் அப்படியே பொருந்தும். 24.5 மில்லிமீட்டர் என்றால் இடைவளையம் தேவைப்படும். அந்த வளையம் வில்லையை வெளியே தள்ளுவதால் சில கருவிகளில் பிம்பம் குவியாமல் போகலாம். அப்போது குழியாடியைக் குழலுக்குள் சற்று முன்னே நகர்த்திப் பொருத்த வேண்டியிருக்கும்.

பழைய பெட்டிகளில் கண்ணருகு வில்லையின் அடியில் திருகிப் பொருத்தும் சிறிய கறுப்புச் சூரிய வடிகட்டி இருந்தால், அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். ஆடி திரட்டும் வெப்பம் முழுவதும் அந்தச் சிறு கண்ணாடியில் விழுவதால் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கக்கூடும். கண்பார்வை நொடியில் போய்விடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை நாளைக்கென்று தள்ளிப்போடக் கூடாது.

ஆடியில் பூஞ்சையோ பிசுக்கோ இருந்தால் மட்டும் கழுவுங்கள். கழற்றுவதற்கு முன் ஆடியின் பக்கவாட்டிலும் அதன் தாங்குதட்டிலும் பென்சிலால் ஒரே நேராகக் குறியிட்டால், அதே நிலையில் திரும்பப் பொருத்தலாம். முதலில் குழாய்நீரை ஓடவிட்டு மணல் துகள்களை அகற்றுங்கள். பின்னர் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுக் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஆடியை ஊறவைத்து, நனைந்த பஞ்சை அதன் சொந்த எடையில் மட்டும் ஒரே திசையில் இழுத்துச் செல்லுங்கள். அழுத்தித் தேய்த்தால் பூச்சு கீறிவிடும். கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, விளிம்பில் நிற்கவைத்துக் காயவிடுங்கள். துணியும் கண்ணாடி துடைக்கும் தெளிப்பானும் அருகிலேயே வரக்கூடாது.

ஆடி வெளியே இருக்கும்போதே அதன் சரியான நடுவில், கோப்புத் தாள்களின் துளைக்கு ஒட்டும் சிறு வளையம் ஒன்றை ஒட்டிவிடுங்கள். அந்த இடம் எப்போதும் குழலின் வாயருகே உள்ள சிறிய ஆடியின் நிழலில் இருப்பதால் பிம்பம் கெடாது. அடுத்தது சீரமைப்பு. கண்ணருகு வில்லையை எடுத்துவிட்டு, பழைய 35 மில்லிமீட்டர் படச்சுருள் டப்பாவின் அடிப்பகுதி நடுவில் சிறு துளையிட்டுச் செருகிப் பாருங்கள். முன்னால் உள்ள சிறிய ஆடியின் மூன்று திருகுகளைத் திருப்பி, குழியாடியின் விளிம்பு முழுவதும் அதற்குள் தெரியும்படி செய்யுங்கள். பிறகு குழலின் பின்புறத் திருகுகளால், துளையின் பிரதிபலிப்பை ஒட்டிய வளையத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முதல் முறை பொறுமை தேவை. பழகிவிட்டால் சில நிமிட வேலைதான்.

இனித் தாங்கி. இந்தக் கருவிகளுடன் வருவது பெரும்பாலும் எதிர் எடையும் இரண்டு நீண்ட முறுக்குக் கம்பிகளும் உள்ள துருவ அச்சுத் தாங்கி. அதன் ஓர் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக, அதாவது ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு பாகை மட்டும் தரையிலிருந்து உயர்ந்து நிற்க வேண்டும். மத்திய ஐரோப்பாவில் அது ஏறக்குறைய 50 பாகை. சுங்கை சிப்புட்டில் ஏறக்குறைய 5 பாகை. மலிவான தாங்கிகள் பலவற்றை அவ்வளவு தாழ்த்தவே முடியாது. முடிந்தாலும் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். திசை பிடிக்க உதவும் துருவ நட்சத்திரமும் அதே 5 பாகை உயரத்தில் செம்பனை மரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும். நம் ஊருக்குப் பொருந்தாத அந்த இயந்திரத்துடன் மல்லுக்கட்டியே பலர் இந்த ஆர்வத்தைக் கைவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அதற்கு மாற்று, ஜான் டாப்சன் பரவலாக்கிய பெட்டித் தாங்கி. சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர் அவர். கழிவுப் பொருள்களைக் கொண்டே தொலைநோக்கிகள் செய்து, தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். அவரது முறைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையும் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சில சாமான்களும் போதும். குழலைச் சுற்றி இறுக்கமான ஒரு சதுரக் கூடு செய்து, அதன் இரு பக்கங்களிலும் 4 அங்குல பிவிசி குழாய் மூடிகளைத் திருகுங்கள். மூடிகள் குழலின் சமநிலைப் புள்ளியில் அமைய வேண்டும். வில்லையையும் தேடுநோக்கியையும் (குறிபார்க்க உதவும் சிறு தொலைநோக்கி) பொருத்திய நிலையிலேயே குழலை ஒரு துடைப்பக் கட்டையின் மேல் வைத்து அந்தப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். மூடிகளைத் தாங்க இருபுறமும் நிற்கும் பக்கப்பலகைகளின் உச்சியை ஆங்கில எழுத்தான ‘வி’ வடிவில் வெட்டுங்கள். குழல் செங்குத்தாக நிற்கும்போது அதன் அடி தரைப்பலகையில் இடிக்காத அளவுக்குப் பக்கப்பலகைகள் உயரமாக இருக்கட்டும். அவை நிற்கும் தரைப்பலகை இரண்டடுக்கு: நடுவில் ஒரு போல்ட், இடையே காய்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகையில் அறுத்த மூன்று துண்டுகள். அத்துண்டுகள் கீழே உள்ள மூன்று கால்களுக்கு நேர் மேலே அமைந்தால் பலகை வளையாது. விரலால் தள்ளினால் நகர வேண்டும், விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். அதுவே சரியான இறுக்கம்.

தாங்கி உறுதியான பிறகு வில்லையைப் பற்றி யோசிக்கலாம். குவியத்தூரம் 900 என்பதால் 25 மில்லிமீட்டர் வில்லை 36 மடங்கும், 10 மில்லிமீட்டர் வில்லை 90 மடங்கும் பெரிதாக்கும். இவ்விரண்டுமே நெடுநாள் போதும். பெட்டியில் அச்சிட்ட 500 மடங்கை நம்ப வேண்டாம். 114 மில்லிமீட்டர் ஆடிக்கு மிகச் சிறந்த இரவிலும் 228 மடங்கே உச்சம்.

முதலில் அரைநிலவைப் பாருங்கள். முழுநிலவில் பள்ளங்களின் நிழல் விழாது. மே இறுதியில் இரவு 9 மணியளவில் தென்சிலுவை விண்மீன் கூட்டம் தெற்கே 25 பாகை உயரத்திலும், ஒரு மணி நேரம் கழித்து ஒமேகா சென்டாரி 38 பாகை உயரத்திலும் நிற்கும். ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட அந்தக் கொத்தை ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து காணவே முடியாது. ஜனவரியில் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே வரும். பெட்டித் தாங்கியை அங்கே திருப்புவது சிரமம் என்பதால் அது மேற்கே சற்றுச் சாயும்வரை பொறுத்திருங்கள்.

பார்த்து முடித்ததும் குழலை உடனே மூடிவைப்பதே நம் ஊரில் பூஞ்சைக்கு முதற்காரணம். பனி படிந்த குழலை மூடியின்றி மின்விசிறிக்கு அருகில் கிடத்தி, முழுவதும் உலர்ந்த பின்னரே மூடுங்கள். கண்ணருகு வில்லைகளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் மணிகளோடு வைத்து, உள்ளே ஒரு சிறு ஈரமானியையும் போட்டுவிடுங்கள். ஈரம் 50 விழுக்காட்டைத் தாண்டினாலோ மணிகளின் நிறம் மாறினாலோ, அவற்றைத் தட்டில் பரப்பி 120 பாகை செல்சியஸ் சூட்டில் ஓவன் அடுப்பில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.