தம்பி பெயரில் வீடு வாங்கும் முன்

காரைக்குடியில் பத்திரம் எழுதுவது என் தொழில். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்புவார், ஊரில் இருக்கும் தம்பி பெயரில் கிரயம் ஆகும். "எங்களுக்குள்ள எதுக்குண்ணே எழுத்து?" என்பார்கள். அப்படி வருகிறவர்களை முதலில் உட்காரவைத்துப் பேசுவேன்.

ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமிச் சட்டம் 1988-இல் வந்தது, 2016-இல் கடுமையானது. பினாமி என்று ஆகிவிட்டால், பணம் போட்ட அண்ணன் 'வீடு என்னுடையது' என்று வழக்கே போட முடியாது. சொத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம், 1 முதல் 7 ஆண்டு வரை சிறையும் உண்டு. மனைவி, பிள்ளைகள் பெயரில், கணக்குக் காட்டக்கூடிய தன் சொந்தப் பணத்தில் வாங்கினால் அது பினாமி ஆகாது. உடன்பிறந்தவர் என்றால் ஆவணத்தில் இருவரும் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும். ஆகவே அண்ணன் பெயரையும் சேருங்கள். வர முடியாதவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றுப் பவர் பத்திரம் (தனக்காகச் செயல்பட இன்னொருவருக்குத் தரும் அதிகாரம்) அனுப்பலாம். அது இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள்.

சரி, ஆச்சி (மனைவி) பெயரில் வாங்கிய வீட்டைக் கொழுந்தன்மார் 'குடும்பப் பணத்தில் வாங்கியது' என்று கேட்டால்? நிரூபிக்க வேண்டியது கேட்கிறவர்கள்தான். 1973-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கேள்விகளே இன்றும் முன்னால் வரும்: பணம் யாருடையது, வாங்கியபின் அனுபவித்தது யார், இன்னொருவர் பெயரில் வாங்கக் காரணம் என்ன, இருவருக்கும் என்ன உறவு, மூலப்பத்திரம் யார் பெட்டகத்தில் இருக்கிறது, பிற்பாடு சொத்தை யார் எப்படி நடத்தினார்கள். இவற்றில் பணம் வந்த வழிதான் கனமானது. பட்டா மட்டும் உரிமையைத் தந்துவிடாது.

பங்காளிகள் வளவு (பூர்வீக வீட்டு) அறைகளை வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டால் அது செல்லும். நடந்து முடிந்த பாகத்தை நினைவுக்காக எழுதிவைக்கும் தாளுக்குப் பதிவு தேவையில்லை என்று 1976 தீர்ப்பு சொல்கிறது. அந்தத் தாளே பாகம் பிரிப்பதாக இருந்தால் பதிவு கட்டாயம். இங்கேதான் பலர் இடறுகிறார்கள், பத்து ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்து. அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

யார் எவ்வளவு போட்டார் என்பதையும் கிரயப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் சமபங்கு என்றே கொள்வார்கள். பத்திரம் எழுத வரும்போது அண்ணன் பணம் அனுப்பிய வங்கித் தாளையும் கையோடு கொண்டுவாருங்கள்.