முதல் ஓட்டு போடுவது எப்படி: பாட்டி சொன்னதும் நான் கேட்காததும்

2011 ஏப்ரல் 13. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் முதல் ஓட்டு. இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் அதைப் போடாமலேயே வெளியே வந்திருப்பேன். அந்தக் கதையோடு சேர்த்தே செய்முறையைச் சொல்கிறேன்.

படி 1: பட்டியலில் பெயர்

வயது 18 ஆனால் மட்டும் போதாது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அதற்குப் படிவம் 6. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ நிரப்பலாம். உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். அப்போதெல்லாம் ஜனவரி 1 அன்று 18 முடிந்திருக்க வேண்டும் என்ற ஒரே கணக்குதான். நவம்பரில் பிறந்த நான் தப்பித்தேன். பிப்ரவரியில் பிறந்த என் நண்பன் வாசல் வரை வந்து, வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதியும் கணக்கில் வரும். 17 முடிந்ததுமே விண்ணப்பித்தும் வைக்கலாம்.

அட்டை வந்துவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள். தேர்தலுக்கு முன் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சந்தேகம் என்றால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

படி 2: கையில் என்ன

வாக்காளர் அட்டை. அது இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பான் அட்டை போன்றவற்றில் ஒன்று. பூத் ஸ்லிப்பில் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும், தேடும் வேலை மிச்சம். ஆனால் அதை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது. போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

(எங்கள் மாமா ஒருவர் தேர்தல் லீவு என்று சரக்கு வாங்கப் பக்கத்துப் புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைக்குக் கிளம்பிப் போனார். புதுச்சேரியிலும் அன்றுதான் ஓட்டு, அங்கேயும் கடை பூட்டு. போன வேகத்தில் திரும்பி வந்து எங்களுக்கு முன்பே வரிசையில் நின்றார்.)

படி 3: அறைக்குள்

முதல் அலுவலர் உங்கள் பெயரைச் சத்தமாக வாசிப்பார். அங்கே உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்டுகள் தங்கள் பட்டியலில் சரிபார்ப்பதற்காக. எனக்கு அது தெரியாது. என் பெயரை அப்பா பெயரோடு ஒருவர் உரக்க வாசித்ததும், பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்டது போல நிமிர்ந்து நின்றேன்.

இரண்டாமவர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, ஒரு சீட்டுத் தருவார். ஓட்டுப் போட்ட பிறகுதான் மை வைப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முன்பே. மையில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. தோலில் பட்டு வெளிச்சத்தில் கறுக்கும். உடனே துடைத்துவிடாதீர்கள். மூன்றாமவர் சீட்டை வாங்கி, விரலைப் பார்த்து, தன் முன்னால் இருக்கும் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்துவார். அப்போதுதான் உங்களுக்கான இயந்திரம் தயாராகும்.

படி 4: அந்தப் பொத்தான்

நான் சொதப்பிய இடம் இது. பாட்டி முத்திரை குத்திச் சீட்டை மடித்துப் போட்ட காலத்து ஆள், இயந்திரத்தையும் பழகியவர். வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்: "அது கத்துற வரைக்கும் விரலை எடுக்காதடா." பிளஸ் டூ முடித்தவனுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டுமா?

மறைப்புக்குப் பின்னால் போனேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. எனக்கு வேண்டிய சின்னத்தைக் கண்டுபிடித்து, அந்தப் படத்தின் மேலேயே ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் பெருமையாக வெளியே நடந்தேன்.

"தம்பி, ஓட்டு விழலை. திரும்பிப் போங்க." மூன்றாமவரின் பெட்டியில் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெண்கள் வரிசையில் இருந்த பாட்டி மட்டும் சிரிக்கவில்லை, தலையில் அடித்துக்கொண்டார்.

அழுத்த வேண்டியது சின்னத்தை அல்ல, அதே வரிசையில் வலப்பக்கம் இருக்கும் நீலப் பொத்தானை. அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், நீளமாகப் பீப் சத்தம் வரும். இப்போது பக்கத்திலேயே விவிபாட் கருவியும் உண்டு. நீங்கள் போட்ட வேட்பாளரின் பெயரும் சின்னமும் அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்துவிட்டு உள்ளே விழும். கையில் தர மாட்டார்கள், கேட்டு நிற்காதீர்கள். யாரும் வேண்டாம் என்றால் கடைசியில் நோட்டா. அது 2013இல் வந்தது. அதற்கு முன் அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும், ரகசியம் போச்சு.

அப்புறம் ஒரு மாதம் காத்திருந்தோம். எண்ணிக்கை மே 13. நகத்தின் அடியில் புது நகம் வளர்ந்து, மை மேலே ஏறியிருந்தது. நண்பன் என் விரலைப் பிடித்துப் பார்த்து, "இன்னும் போகலையா?" என்றான். அந்த வாரம் முழுக்க நான் நகம் வெட்டவில்லை.